பழைய போனோகிராப் பெட்டியில் அசல் பூச்சு எது, அதை எப்படி மீட்பது?

கேள்வியின் சாரம் இது. வீட்டில் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன: ஓக் பெட்டியில் உருளை போட்டுக் கேட்கும் எடிசன் ஸ்டாண்டர்டு ஒன்று, மஹாகனியில் செய்த, தரையில் நிற்கும் விக்ட்ரோலா 11-ஆம் மாடல் ஒன்று. இரண்டின் மேற்பரப்பும் கறுத்து, முதலைத்தோல் போல வெடித்துக் கிடக்கிறது. "சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடித்துவிடலாம்" என்கிறார் தச்சர். அசல் பூச்சு எது, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

முதலில் தச்சரை நிறுத்திவையுங்கள். அவர் வேலை தெரியாதவர் என்பதால் அல்ல. இந்தப் பெட்டிகளில் நாம் பார்க்கும் நிறம் பெரும்பாலும் மரத்துடையது அல்ல. மரத்துளைகளில் அடைத்த கருநிற நிரப்பி, அதன்மேல் சாயம், அதன்மேல் மஞ்சள் கலந்த அரக்குப் பூச்சு என்று அடுக்கடுக்காக ஏற்றப்பட்ட நிறம் அது. சுரண்டினால் மூன்றும் சேர்ந்தே போய்விடும். அடியில் வெளிறிய, யாரும் அடையாளம் காண முடியாத ஒரு ஓக் பலகை மிஞ்சும். விக்ட்ரோலாவில் நிலைமை இன்னும் மோசம். அது பெரும்பாலும் வெனீர், அதாவது மெல்லிய மரத்தாள், ஒட்டிய பெட்டி, அந்த வெனீர் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட வராது. மூலைகளில் உப்புத்தாள் இரண்டு தடவை போய்வந்தால் அடிப்பலகை தெரிந்துவிடும். அதற்கு மருந்தே கிடையாது.

இயந்திரமே அசல்தானா என்பதையும் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். எண்கோணப் பெட்டி, பளபளக்கும் பித்தளைக் குழல், முகப்பில் நாய்ப்பட வில்லை என்று நம் நாட்டுப் பழம்பொருள் கடைகளில் வரிசையாக நிற்பவற்றில் பெரும்பகுதி அண்மையில் ஒட்டிச் சேர்த்தவை. கையடக்கப் பெட்டியிலிருந்து கழற்றிய மோட்டாரை ஏதோ ஒரு மரப்பெட்டிக்குள் பொருத்தியிருப்பார்கள். அவற்றில் மீட்க அசல் பூச்சு என்று எதுவும் இல்லை.

இனி பூச்சு. எடிசன் ஸ்டாண்டர்டு 1898-இல் வந்தது. விக்டர் நிறுவனம் 1901-இல் நியூஜெர்சியின் கேம்டனில் தொடங்கியது, குழலைப் பெட்டிக்குள் மறைத்த விக்ட்ரோலா 1906-இல் வந்தது. இந்தக் காலத்துப் பெட்டிகளில் இரண்டு பொருள்களை எதிர்பார்க்கலாம்: ஸ்பிரிட்டில் (பாலிஷுக்கான ஆல்கஹாலில்) கரைத்த ஷெல்லாக், அதாவது நம்மூர் பாலிஷ்காரர்கள் பயன்படுத்தும் அதே அரக்கு, அல்லது எண்ணெயும் பிசினும் சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷ். விலை கூடிய பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும், அடியில் அடைப்புப் பூச்சாக ஷெல்லாக், மேலே தேய்த்து மெருகேற்றிய வார்னிஷ். துப்பாக்கியால் பீய்ச்சும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் 1920-களின் நடுவில்தான் மரச்சாமான் தொழிலில் பரவியது. ஆகவே 1925 நவம்பரில் வெளியான ஆர்தோபோனிக் விக்ட்ரோலாவிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் லாக்கர் இருந்தால் அது இயல்பு. 1905-ஆம் ஆண்டுப் பெட்டியில் லாக்கர் இருந்தால் யாரோ பின்னால் அடித்தது.

நிறத்தின் பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும். கோல்டன் ஓக் என்பது துளைகளில் கரும்பழுப்பு, மேலே தேன் நிறம். எடிசன் பெட்டிகளில் நீங்கள் பெரும்பாலும் பார்ப்பது இதுதான். ஆரத்தின் திசையில் அறுத்த ஓக் பலகையில் பளிச்சென்று தெரியும் புலிவரிகள் அடர்த்தியானவை, அவை சாயத்தைக் குடிக்காது. அதனால்தான் அவை வெளிறியே நிற்கின்றன. ஃபியூம்டு ஓக் என்பது அம்மோனியா ஆவியில் வைத்து ஓக்கிலுள்ள டானின் எனும் துவர்ப்புப் பொருளைக் கறுக்கவைத்தது. அதன்மேல் மெல்லிய பூச்சும் மெழுகும்தான் இருக்கும், பளபளப்பு இருக்காது. மறைவான விளிம்பில் கத்தியால் மெல்லச் சீவினால் மேற்பரப்புக்குக் கீழேயும் சாம்பல் கலந்த பழுப்பு தொடர்ந்தால் அது உண்மையான ஆவி வேலை. மேலோடு நின்றுவிட்டால் சாயம். மஹாகனியில் அடிச்சாயம் சிவப்பு. வெளிச்சம் பட்டுப் பட்டு வெளிப்பக்கம் பழுப்பாகியிருக்கும். கைப்பிடித் தகடு, கீல், மூடித்தாங்கி இவற்றில் ஒன்றைக் கழற்றினால் அடியில் நூறாண்டுக்கு முந்தைய நிறம் அப்படியே இருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள், வேலை முடியும்வரை ஒப்பிட உதவும்.

பூச்சு எது என்று கரைப்பானால் சோதிக்கும் முன் சுத்தம் செய்தாக வேண்டும். மெழுகும் அழுக்கும் இருந்தால் எந்தக் கரைப்பானும் பொய் சொல்லும். அதற்கும் முன், சுருள்வில்லில் முறுக்கு ஏறியிருந்தால் இயந்திரத்தை ஓடவிட்டு முழுதாக இறக்கிவிட்டு, மேல்தகட்டோடு மோட்டாரைக் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். முறுக்கேறிய வில்லோடு மோட்டாரைப் பிரித்தால் விரல் போகும்.

சுத்தம் செய்ய மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் எடுப்பது மெக்கானிக்குகள் கை கழுவும் வெள்ளைக் களிம்பு, கோஜோ போன்றது. நுரைக்கல் தூள் சேராத வகையாக இருக்க வேண்டும், அது முக்கியம். கிடைக்காவிட்டால் மினரல் டர்பன்டைனே போதும், வேலைதான் மெதுவாகும். பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை எடுத்துக்கொண்டு களிம்பைப் பருத்தித் துணியால் வட்டமாகத் தடவி, ஒரு நிமிடம் விட்டுத் துடையுங்கள். துணியில் வருவது முதலில் கறுப்பாக இருக்கும். அது விளக்குப் புகை, அடுப்படி எண்ணெய், கைவேர்வை, பழைய மெழுகு. கறுப்பு குறைந்து துணியில் தேன் நிறமோ செம்பழுப்போ ஏறத் தொடங்கிய நொடியில் நிறுத்துங்கள், இனி வருவது அழுக்கல்ல, பூச்சு. அடுத்து மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் களிம்பின் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். களிம்பில் தண்ணீர் இருக்கிறது, ஷெல்லாக்கின்மேல் தங்கினால் வெள்ளை படரும்.

நம் வீடுகளில் மரச்சாமான்களுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கும் பழக்கம் உண்டு. அது காயாத எண்ணெய். வெடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்து தூசியைப் பிடித்து, சிக்கு வாடையோடு நிற்கும். அப்படிப்பட்ட பெட்டிக்கு டர்பன்டைன் துடைப்பு இரண்டு மூன்று முறை தேவைப்படும். "மரத்துக்கு ஊட்டம்" என்று ஆளிவிதை எண்ணெயும் வினிகரும் கலந்து தடவச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள். பூச்சின் அடியிலிருக்கும் மரத்துக்கு அது போய்ச் சேர்வதே இல்லை, மேலேயே பிசுபிசுத்துக் காலப்போக்கில் கறுக்கும். கருமைப் புகாரில் பாதிக்குக் காரணம் இந்த ஊட்டம்தான்.

பல எடிசன் பெட்டிகளுக்கு இந்தச் சுத்தத்தோடு வேலை முடிந்துவிடும். கறுப்பு என்று நினைத்தது அழுக்காகவே இருந்திருக்கும். சுத்தம் செய்தபின் ஒரு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள், மெழுகு ஒரு கை போட்டால் போதும் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்துவதுதான் சரி.

எடிசன் பெட்டி முகப்பிலுள்ள பொன்னெழுத்துக்கும், விக்ட்ரோலா மூடியின் உட்புறத்திலுள்ள நாய்ப் படத்துக்கும் தனி விதி. டெக்கால் எனப்படும் இந்த ஒட்டுப்படங்களில் பொன்னிறம் மிக மெல்லியது. மேலே பூச்சு தேய்ந்துபோயிருந்தால் ஒரே துடைப்பில் காணாமல் போகும். களிம்பும் ஸ்பிரிட்டும் அதன் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும். அவசியம் துடைத்தாக வேண்டுமானால் பஞ்சுக்குச்சியில் மினரல் டர்பன்டைனை நனைத்துப் பிழிந்து, முதலில் கறுப்புக் கரையோட்டத்தின் ஒரு நுனியில் பாருங்கள். பஞ்சில் பொன் துகள் ஒன்று மின்னினாலும் விட்டுவிடுங்கள். அழுக்கான டெக்கால், இல்லாத டெக்காலைவிட மேல்.

இப்போது சோதனை. பின்பக்கக் கீழ் விளிம்பு, மூடியின் உள்ளோரம் போன்ற மறைவிடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் நனைத்து அரை நிமிடம் வைத்து உருட்டுங்கள். பிசுபிசுத்து, பஞ்சு பழுப்பாகி, விரலில் ஒட்டினால் ஷெல்லாக். ஒன்றும் ஆகவில்லையென்றால் பக்கத்தில் என்.சி. தின்னர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை நீர்க்கும் திரவம், வைத்துப் பாருங்கள். உடனே கரைந்தால் லாக்கர். தோல் சுருங்குவது போலச் சுருங்கினாலோ அசையாமல் நின்றாலோ எண்ணெய் வார்னிஷ். இரண்டுக்கும் துளியும் அசையாமல் கண்ணாடி போலிருந்தால் பிற்காலத்துப் பாலியூரித்தேனாக இருக்க வாய்ப்பு அதிகம். தின்னரில் ஆல்கஹாலும் இருப்பதால் அது ஷெல்லாக்கையும் கரைக்கும். ஆகவே வரிசையை மாற்றாதீர்கள், ஸ்பிரிட்தான் முதலில். நூறாண்டு ஆன ஷெல்லாக் இறுகியிருப்பதால் புதியதைப்போல உடனே கரையாது, ஒரு நிமிடம்கூட ஆகலாம். பழைய வார்னிஷும் ஸ்பிரிட்டில் லேசாக ஒட்டும். இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள்.

குழப்பம் தீர இரண்டு துணைச் சோதனைகள் உண்டு. ஒன்று, சவர பிளேடின் முனையால் மறைவிடத்தில் இரண்டு மில்லிமீட்டர் சுரண்டுவது. ஷெல்லாக் நொறுங்கி மஞ்சள் பொடியாக விழும். பாலியூரித்தேன் பிளாஸ்டிக் சுருளாக எழும்பும். மற்றொன்று, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். இருட்டறையில் பழைய ஷெல்லாக் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளாகத் தெரியும். ஆரஞ்சுக்கு நடுவே இருண்ட திட்டுகள் இருந்தால் அங்கே பழுது பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். பெட்டி முழுவதையும் ஒருமுறை டார்ச்சில் சுற்றிப் பார்த்தால் எந்தப் பலகை தொடப்படாதது என்று வரைபடமே கிடைத்துவிடும்.

ஷெல்லாக் என்று உறுதியானால் உங்களுக்கு நல்ல காலம். வெடித்த ஷெல்லாக்கை அகற்றாமல் இருந்த இடத்திலேயே இளக்கி மீண்டும் ஒன்றுசேர்க்கலாம். எண்ணெய் வார்னிஷில் இது நடக்காது. அது காய்ந்தபின் எதிலும் திரும்பக் கரையாது. வார்னிஷ் வெடிப்புகளைச் சுத்தம் செய்து, கருநிற மெழுகால் அடக்கி, அப்படியே வாழவிடுவதே நல்லது.

இளக்கும் வேலைக்குத் தண்ணீர் கலக்காத ஸ்பிரிட் தேவை. பாலிஷ் சாமான் கடையில் கிடைப்பது போதும். கிடைக்காத ஊரில் 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேலை செய்யும், சற்று மெதுவாக. கைக்குத் தடவும் 70 விழுக்காட்டுத் திரவம் கூடவே கூடாது, அதிலுள்ள தண்ணீர் முழுப் பலகையையும் வெளுக்கவைக்கும். வேலை செய்யும் பலகை படுக்கையாக இருக்க வேண்டும், பெட்டியைச் சாய்த்துப் படுக்கவையுங்கள். ஐம்பது மில்லிமீட்டர் அகல மென்மயிர்த் தூரிகையால் ஸ்பிரிட்டை மரரேகையோடு நனைய நனைய இழுங்கள். ஒரே இடத்தில் இரண்டு இழுப்புக்கு மேல் வேண்டாம். மூன்றாவது இழுப்பில் இளகிய பூச்சு தூரிகையோடு சேர்ந்து வழித்துக்கொண்டு வரும், அடிச்சாயமும் உடன் வரும், வெளிறிய கோடு விழும். அப்படியே ஒரு நாள் காயவிடுங்கள். மெல்லிய வெடிப்புகள் முதல் தடவையிலேயே மூடிவிடும். ஆழமானவைக்கு இன்னொரு தடவை. இறுகிப்போன பூச்சு இளக மறுத்தால் மூன்று பங்கு ஸ்பிரிட்டுக்கு ஒரு பங்கு தின்னர் கலக்கலாம். விக்ட்ரோலா மஹாகனியில் எச்சரிக்கை தேவை. சிவப்புச் சாயம் ஸ்பிரிட்டில் கரையும் வகையாக இருந்தால் அதுவும் நகரும். ஆகவே பின்பலகையில் ஒரு கையகல இடத்தில் பார்த்துவிட்டுத்தான் மூடிக்கு வர வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூச்சு பால்போல வெளுக்கும். வெளுத்துவிட்டால் பதற வேண்டாம். வெயில் நாளில் ஸ்பிரிட் தொட்டும் தொடாமலும் நனைத்த துணிப்பொட்டலத்தால் (பஞ்சைத் துணியில் சுற்றிய பாலிஷ் பொட்டலம்) வேகமாக ஒருமுறை வருடினால் போய்விடும்.

இளக்கியபின் பூச்சு மெலிந்திருந்தால் மேலே புது ஷெல்லாக் ஏற்றலாம். அறுபது கிராம் ஷெல்லாக் செதிலை 250 மி.லி. ஸ்பிரிட்டில் இரவு முழுக்க ஊறவைத்து, பழைய பருத்தித் துணியில் வடிகட்டினால் தூரிகைப் பதம். முப்பது கிராம் போட்டால் துணிப்பொட்டலத்தால் ஏற்றும் பதம். ஓக்குக்கு ஆரஞ்சு நிறச் செதில், கருத்த மஹாகனிக்குக் கார்னெட் எனும் கருஞ்சிவப்புச் செதில். நிறமற்ற வெளுத்த செதிலைப் போட்டால் பழைய பலகைக்கும் புது இடத்துக்கும் ஒத்துப்போகாது. கரைத்த ஷெல்லாக் ஆறு மாதத்துக்கு மேல் நம்பத்தக்கதல்ல. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, மறுநாளும் நகம் பதிந்தால் கொட்டிவிடுங்கள். அது பெட்டியின்மேல் ஒருநாளும் காயாது. டெக்கால் உள்ள பலகையில் தூரிகையோ துணியோ படக்கூடாது. தேவையென்றால் மிக மெல்லிய பீய்ச்சல்கள் மட்டும், ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. ஸ்பிரிட் பாட்டில் திறந்திருக்கும் மேசையில் 78 சுற்று இசைத்தட்டு எதையும் வைக்காதீர்கள். அதுவும் ஷெல்லாக்தான், ஒரு துளி தெறித்தால் அந்த இடத்துப் பாட்டு போனது.

பளபளப்பு எவ்வளவு என்பதை இயந்திரம்தான் முடிவு செய்யும். கோல்டன் ஓக் எடிசன் நல்ல மினுமினுப்போடு விற்கப்பட்டது, விக்டர் மஹாகனி தேய்த்து ஏற்றிய ஆழமான மெருகு, ஃபியூம்டு ஓக் மங்கல். மங்கலாக்க 0000 இரும்புக் கம்பளியை ஓக்கில் பயன்படுத்தாதீர்கள். துளைகளில் சிக்கும் இரும்புத் துகள் ஈரம் பட்டதும் ஓக்கின் டானினோடு சேர்ந்து கருநீலப் புள்ளிகளாகும். வெள்ளை நைலான் தேய்ப்பான் போதும். நுரைக்கல் தூளுக்கும் ஒரு சிக்கல் உண்டு, நிரப்பி உதிர்ந்த துளைகளில் வெள்ளையாகத் தங்கும். கருநிற மெழுகோடு சேர்த்துத் தேய்த்தால் அது தெரியாது.

முழுதாக உரித்தாக வேண்டிய நிலையும் வரும். எனாமல் பெயின்ட் அடித்தது, பாலியூரித்தேன் போட்டது, பாதி ஏற்கெனவே சுரண்டியது போன்றவை. களிம்பு வடிவிலான பெயின்ட் ரிமூவர் போட்டு, மரத்தகட்டால் வழித்தெடுங்கள். காஸ்டிக் சோடா மட்டும் வேண்டாம். அது ஓக்கையும் மஹாகனியையும் கறுக்கவைக்கும், வஜ்ஜிரம் (விலங்குப் பசை) போட்ட மூட்டுகளைக் கரைக்கும், வெனீர் எழும்பிவிடும். எழும்பிய வெனீரை ஒட்டவும் சூடான வஜ்ஜிரம்தான். வெள்ளைப் பசை வெளியே கசிந்த இடத்தில் சாயம் பிடிக்காமல் மஞ்சள் திட்டாக நிற்கும்.

உரித்தபின் கோல்டன் ஓக் நிறத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு வரிசை இருக்கிறது, அது மாறினால் நிறம் வராது. அஸ்பால்ட்டம் எனும் இயற்கைத் தாரை டர்பன்டைனில் கரைத்துக் கடுந்தேயிலை நிறத்துக்கு நீர்த்துப் பூசித் துடைத்துவிடுங்கள். காய்ந்ததும் எண்ணெய் சார்ந்த கரும்பழுப்பு நிரப்பியைப் பாலாடைப் பதத்தில் முதலில் ரேகையோடும் பிறகு குறுக்காகவும் பூசுங்கள். ஈர மினுப்பு மங்கியதும், ஏறக்குறைய கால் மணி நேரத்தில், முரட்டுச் சாக்குத் துணியால் ரேகைக்குக் குறுக்கே அழுத்தித் துடைக்க வேண்டும். சீக்கிரம் துடைத்தால் துளையிலிருந்து வெளியே வந்துவிடும், தாமதித்தால் மேலே கல்லாக இறுகிவிடும். இரண்டு நாள் காயவிட்டு, மேலே ஷெல்லாக். இங்கே ஷெல்லாக் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. அஸ்பால்ட்டம் டர்பன்டைனில் கரையும், ஸ்பிரிட்டில் அநேகமாகக் கரையாது. நேரே எண்ணெய் வார்னிஷ் அடித்தால் தார் மேலே ஊறிப் படர்ந்து, காயாத சேறாகும். மஹாகனியிலும் இதே தர்க்கம்தான். மேலே ஷெல்லாக் வரப்போவதால் அடிச்சாயம் தண்ணீரில் கரையும் வகையாக இருக்கட்டும், ஸ்பிரிட் சாயம் போட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் நிறம் கலங்கும். அம்மோனியா ஆவி வேலையை வீட்டில் முயல வேண்டாம். கடைகளில் கிடைக்கும் நீர்த்த அம்மோனியாவில் அது சரியாக வராது, அடர் அம்மோனியா கண்ணையும் நுரையீரலையும் எரித்துவிடும்.

எண்ணெய் நிரப்பி துடைத்த சாக்குத் துணிகளைக் குவித்துப் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள்.

புதுப் பூச்சு தொட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் முழுதாக இறுக ஒரு வாரமாவது பிடிக்கும். அதற்குள் விக்ட்ரோலா மூடியைச் சாத்தினால் விளிம்பு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பூச்சு பிய்ந்து வரும். எடிசன் மூடியையும் கவிழ்க்காமல் தனியே வையுங்கள். மோட்டாரைத் திரும்பப் பொருத்துவது எல்லாவற்றுக்கும் கடைசியில். கைப்பிடித் தகடுகளின் திருகுகளை அதே பழைய துளைகளில், கையால் மட்டும் முறுக்குங்கள்.